கறுப்புச் சாயம் மருந்தாகாது

துரு இன்னதென்று அறியாத தமிழ்ப்பள்ளி மாணவன் இல்லை. அறிவியல் வகுப்பில் மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று இரும்பாணிகளை இட்டு வைக்கின்றனர். முதற்குழாயில் நீரும் உண்டு, காற்றும் உண்டு. இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய நீர். அதன்மேல் காற்றுப் புகாதவாறு எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் பொருளொன்றும் உலர்ந்த காற்றும் மட்டுமே. சில நாள் கழித்துப் பார்த்தால் முதற்குழாயின் ஆணி மட்டுமே செந்நிறம் பூண்டு நிற்கும். ‘இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றும் வேண்டும்’ என்று மாணவன் எழுதுகின்றான். முழு மதிப்பெண்ணும் பெறுகின்றான்.

அம்மாணவனே முப்பது ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தலைவனாகிப் பழைய வாகனம் ஒன்றை வாங்கச் செல்கின்றான். கதவைத் திறந்து மூடிப் பார்க்கின்றான். இருக்கையைத் தடவிப் பார்க்கின்றான். வானொலியைத் திருகிக் கேட்கின்றான். எஞ்சினின் ஓசைக்குச் செவி கொடுக்கின்றான். குனிந்து அடியைப் பார்ப்பதில்லை. தப்பித்தவறிப் பார்த்தாலும், அங்கே பளபளக்கும் புத்தம் புதிய கறுப்புச் சாயத்தைக் கண்டு, ‘உடையவர் வண்டியை நன்றாகப் பேணியிருக்கின்றார்’ என்று மகிழ்கின்றான். ஆணியில் கற்ற பாடம் ஆணியோடு போயிற்று!

இவ்விழிநிலையைப் பேசுதல் பலருக்குக் கசக்கும். கசப்பினும் பேசியே ஆகவேண்டும். அழுகியதை மறைத்து அடுத்தவன் தலையில் கட்டுதல் ‘கெட்டிக்காரத்தனம்’ என்னும் பெயரில் ஊர் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் பறிப்பது பணத்தை மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். அது பிள்ளைகள் அமர்ந்து செல்லும் வண்டியின் முதுகெலும்பிலேயே கைவைக்கின்றது.

வண்டியின் முதுகெலும்பு

விளம்பரங்கள் ‘எஸ்.யு.வி.’ என்று கூறும் வாகனத்தை ஊர்மக்கள் ‘ஃபோர் வீல்’ என்பர். பழைய ஃபோர் வீல் வண்டிகளிற் பல இரு பகுதிகளாக அமைந்தவை. அடியில் ஏணியைப் போன்றதோர் இரும்புச் சட்டம். பட்டறைகளில் இதனையே ‘சேசிஸ்’ என்கின்றனர். முன்னிருந்து பின்வரை ஓடும் நீண்ட கைகள் இரண்டு. அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் பல. எஞ்சின் அமர்வது இதன்மீது. சக்கரங்களைத் தாங்கும் வில்லும் அச்சும் இணைவது இதனோடு. மக்கள் அமரும் உடற்கூடோ, இச்சட்டத்தின்மேல் ரப்பர்த் திண்டுகளிட்டுப் போல்ட்டுகளால் முடுக்கி வைக்கப்பட்டது. லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர் டிஃபெண்டர், முதலிரு தலைமுறைப் பஜேரோ ஆகியன இவ்வாறு அமைந்தவையே.

பழைய லேண்ட் ரோவரின் கதை பாடமாகத்தக்கது. அதன் மேலுடல் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆனது. அலுமினியமும் காற்றோடு சேர்ந்து மாற்றமடைவதுதான். ஆயின், அதன்மேல் படியும் மெல்லிய படலம் இறுகி நின்று உள்ளிருப்பதைக் காக்கும். இரும்பின் துருவுக்கு அவ்வருட்குணம் இல்லை. அது பொருக்காகப் பெயர்ந்து, உள்ளிருக்கும் நல்லிரும்பையும் நீருக்கு இரையாகக் காட்டிக்கொடுக்கும். ஆகவே மேலே அழகு குன்றாதிருக்க, கீழே எஃகுச் சட்டம் கரைந்துகொண்டிருக்கும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. ஃபோர் வீல் வண்டிக்கு அப்பழமொழி செல்லாது.

சட்டத்தின் கைகள் பெரும்பாலும் பெட்டி வடிவின, உள்ளே வெற்றிடம். புகுந்த நீர் வடியும்பொருட்டு அடியில் துளைகள் உண்டு. சேறும் மணலும் ஏறி அத்துளைகள் அடைபடின், நீர் உள்ளேயே தேங்கும். வெளியே எவரும் காணாதிருக்க, இரும்பு உள்ளிருந்தே அரிக்கப்படும். துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது. ஆகவே அடுக்கடுக்காகப் பிதுங்கிச் செதில் செதிலாக உதிரும். வெளிப்புறத்தில் கொப்புளம் தோன்றும் நாளில், உட்புறத்தில் பாதித் தடிப்புப் போயிருக்கவும் கூடும். அக்கொப்புளத்தின்மீது சாயம் பூசுகின்றவன், புண்ணின்மேல் பவுடர் பூசுகின்றவனே ஆவான்.

உப்பின் வேலை

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைக் கொட்டுகின்றனர். உப்பு நீர் வண்டிகளின் அடியில் தெறித்துச் சட்டங்களின் உள்ளும் புறமும் படிகின்றது. துருப்பிடித்தல் என்பது மின்வேதியியல் நிகழ்ச்சி. உப்புக் கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவதால், அந்நிகழ்ச்சி விரைந்து நடக்கின்றது.

2016-ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஒரு கூட்டு வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள இசைந்தது. டக்கோமா, டண்ட்ரா என்னும் பிக்கப் வண்டிகள், செக்கோயா என்னும் எஸ்.யு.வி. ஆகியவற்றில் குறிப்பிட்ட ஆண்டுகளில் செய்யப்பட்டவற்றின் சட்டங்கள் துருவால் துளைபடுகின்றன என்பதே வழக்கு. தன்மேல் குற்றமில்லை என்றே நிறுவனம் கூறியது. ஆயினும், ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளைச் சோதனைக்கு உட்படுத்தவும், துளைபட்ட சட்டங்களை மாற்றித் தரவும் உடன்பட்டது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை ஆகலாம் எனக் கணக்கிடப்பட்டது. துளைபட்ட சட்டத்திற்குத் தீர்வு யாது என்பதை இவ்வொரு செய்தி காட்டிவிடும். இரண்டு டின் சாயத்தால் தீரக்கூடியதாயின், எந்த நிறுவனமாவது சட்டத்தையே மாற்றித் தர முன்வருமா?

‘மலேசியாவில் பனியும் இல்லை, சாலையில் உப்பும் இல்லை, இங்கு அத்தொல்லை ஏது?’ என்பர் சிலர். பனி இல்லைதான், உப்பு உண்டு. கடலோர ஊர்களில் காற்றே உப்பைச் சுமந்து வருகின்றது. மீன் பெட்டி ஏற்றும் வண்டியில் உருகும் பனிக்கட்டி நீரும் உவர்நீரும் தளத்தின் இடுக்குகள் வழியே சட்டத்தின்மேல் சொட்டுகின்றன. செம்பனைத் தோட்டத்திற்கு இடப்படும் உரங்களுள் முதன்மையான ஒன்று பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்பே. அம்மூட்டைகளை ஏற்றிச் சென்ற பழைய ஃபோர் வீலின் அடியில், செம்மண் சேற்றோடு அவ்வுப்பும் அப்பிக் கிடக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆண்டு முழுவதும் நீங்காத ஈரக்காற்று. குளிர்நாட்டு இரும்புக்குக் கோடைக்காலத்திலாவது ஓய்வு உண்டு. இந்நாட்டு இரும்புக்கு அவ்வோய்வும் இல்லை.

வெள்ளத்தையும் மறத்தலாகாது. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரத்திலும் எண்ணற்ற வாகனங்கள் சேற்று நீரில் மூழ்கின. அவற்றுட் பல கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வந்தன. இருக்கை உறையை மாற்றினர். வாசனைத் திரவம் தெளித்தனர். பெட்டிச் சட்டத்தினுள் தங்கிய சேற்றையும், கம்பி இணைப்புகளுக்குள் புகுந்த ஈரத்தையும் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தனர்?

மூன்றாவது பேட்டரி

இனி ஒரு குடும்பத்தலைவரை எண்ணிப் பார்க்கலாம். பெயர் வேண்டா, அவரைப் போன்றோர் ஊருக்கு ஒருவர் உளர். தோட்டத்தில் பிறந்து, சிறுநகரில் லோரி ஓட்டிப் பிழைப்பவர். மனைவி கூட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில், இருபத்தைந்து ஆண்டு பழைய ஃபோர் வீல் ஒன்றை வாங்குகின்றார். மூன்று பிள்ளைகள், வயதான தாயார், விடுமுறை நாளில் கோயில், துரியான் காலத்தில் கொஞ்சம் வியாபாரம்; இவ்வளவே அவ்வண்டியின்மேல் அவர் வைத்த ஆசை.

வண்டி ஓடுங்கால் நன்றாகவே ஓடுகின்றது. மூன்று நாள் நிறுத்திவைத்தால் நான்காம் நாள் காலையில் ‘டிக், டிக்’ என்னும் ஓசையோடு நின்றுவிடுகின்றது. பேட்டரி போய்விட்டது என்று கடைக்காரர் கூறுகின்றார். புதியது வாங்குகின்றார். ஏழெட்டு மாதங்களில் அதுவும் போகின்றது. இன்னொன்று வாங்குகின்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பேட்டரிகள்! ‘வெப்ப நாட்டில் பேட்டரி நிலைக்காது’ என்று ஒருவர் தேற்றுகின்றார். ‘மலிவான பேட்டரி வாங்கினால் இப்படித்தான்’ என்று மற்றொருவர் இடித்துரைக்கின்றார். பேட்டரி ஏன் வற்றுகின்றது என்று கேட்டவர் ஒருவரும் இலர்.

கேட்டிருந்தால் கணக்குத் தெளிவாகியிருக்கும். வாகனப் பேட்டரி ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி. நிறைந்த நிலையில், ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட்டாயின் பாதியளவே மிச்சம். எஞ்சின் ஓடுங்கால் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு 13.8 முதல் 14.4 வோல்ட் வரை ஊட்டவேண்டும். இவ்விரண்டையும் அளக்க மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி ஒன்று போதும். அதன் விலை, புதிய பேட்டரியின் விலையில் ஒரு சிறு பங்கே.

சாவியை அணைத்த பின்னரும் வண்டியில் ஒரு சிறு மின்னோட்டம் செல்லும். கடிகாரமும் வானொலியின் நினைவும் அதனால் இயங்குகின்றன. அது 0.05 ஆம்பியருக்குள் இருப்பின் குற்றமில்லை. 60 ஆம்பியர்-மணி கொள்ளும் பேட்டரியில் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணியே குறையும். வாரக்கணக்கில் நிறுத்தினாலும் எஞ்சின் எழும்பும். அவ்வோட்டம் 0.6 ஆம்பியராயின், நாளொன்றுக்கு 14.4 ஆம்பியர்-மணி ஒழுகும். இரண்டு நாளில் ஏறக்குறையப் பாதி வற்றிவிடும். இவ்வாறு மீண்டும் மீண்டும் வற்றிக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து, பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் கொள்ளாத நிலை வந்துவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிற்கவில்லை என்று கிணற்றை மாற்றுவார் உண்டா? அக்குடும்பத்தலைவர் மூன்று முறை மாற்றினார்.

ஒழுகும் இடத்தைக் காணும் வழியும் எளிது. வண்டியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் இடையே மின்னோட்டத்தை அளக்கும் மீட்டரை இணைக்கவேண்டும். வண்டியின் மின்பகுதிகள் உறங்கும்வரை அரைமணி நேரம் பொறுத்திருந்து, ஃபியூசுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால், எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகின்றதோ அவ்வழியில் ஒழுக்கு இருக்கின்றது. மீட்டர் இணைந்திருக்கும்போது எஞ்சினை முடுக்குதல் மட்டும் கூடாது. எந்த ஃபியூசுக்கும் இறங்காவிடின், ஃபியூசு இல்லாத வழிகளையும் ஆல்டர்னேட்டரையும் ஐயுறவேண்டும். ஐந்தாம் படிவ இயற்பியல் மாணவனுக்கு இவ்வேலை ஒரு மாலைப்பொழுது.

ஒருநாள் ஒரு மெக்கானிக் அவ்வாறே அளந்து பார்க்கின்றார். முன்னைய உடையவர் பொருத்திய திருட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்று, ஈரம் புகுந்த இணைப்பின் வழியே இரவும் பகலும் மின்னைக் குடித்துக்கொண்டிருக்கின்றது. அதனைக் கழற்றியபின்னும் ஆல்டர்னேட்டர் ஊட்டும் மின் பேட்டரிக்கு முழுதாகச் சேரவில்லை. காரணம் தேடுகின்றார். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் கம்பியின் கிளையொன்று சட்டத்தில் போல்ட்டு இட்டு முடுக்கப்பட்டுள்ளது. மின்சுற்றின் திரும்பும் வழி அதுவே. அப்போல்ட்டின் அடியில் இரும்பு இல்லை, துருப்பொடியே இருக்கின்றது. துரு பேட்டரியைத் தின்பதில்லை; ஆயின், மின் திரும்பும் வழியை அடைத்துப் பேட்டரியைப் பட்டினி போடவல்லது. வற்றும் பேட்டரியும் அரிபடும் சட்டமும் இருவேறு நோய்கள் அல்ல என்பது அப்போது விளங்குகின்றது. மூன்று பேட்டரிகளும் இரண்டு ஆண்டுகளாகக் கூறிவந்த செய்தி இது; கேட்கத்தான் ஆளில்லை.

மெக்கானிக் வண்டியைத் தூக்கிவைத்துச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே செல்கின்றார். முன்புறத்தில் ‘கிண், கிண்’ என்னும் ஓசை. பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தில் ‘பொத்’ என்கின்றது. திருப்புளியை ஊன்றினால், பளபளக்கும் கறுப்புச் சாயத்தைக் கிழித்துக்கொண்டு கைப்பிடிவரை உள்ளே இறங்குகின்றது. வில்லைத் தாங்கும் இடத்திலும் அதே நிலை. அங்கே நடந்த உரையாடல் இந்நாட்டில் எத்தனையோ பட்டறைகளில் நடப்பதுதான்.

“ரெண்டு டின் கறுப்புச் சாயம், இந்தப் புது பேட்டரி. அப்படியே வித்துடுங்க அண்ணே. எவனாவது வாங்கிட்டுப் போவான்.”

“எனக்கும் இப்படித்தானே தம்பி வித்திருப்பான்?”

“அதைத்தான் நீங்களும் செய்யுங்கன்னு சொல்றேன்.”

நால்வர் வாதம்

இவ்விடத்தில் நால்வர் நான்கு வாதங்களோடு வருவர். நால்வருக்கும் விடை கூறியே ஆகவேண்டும்.

முதலாமவர், ‘எஞ்சின் நன்றாக இருக்கின்றது, அது போதாதா?’ என்பார். போதாது. எஞ்சின் நின்றுபோனால் வண்டி நிற்கும். சட்டம் முறிந்தால் வண்டி நில்லாது. வில் தாங்கும் இடம் பெயர்ந்தால் பின் அச்சு ஒருபுறம் விலகும். வளைவில் செல்லும் வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்காது. மோதலின்போது விசையைத் தாங்கவேண்டியதும் சட்டமே. நல்ல எஞ்சின் என்பது, முறியவிருக்கும் சட்டத்தை மேலும் விரைவாக இழுத்துச் செல்லும் கருவி, அவ்வளவே.

இரண்டாமவர், ‘வாங்குபவன் பார்த்து வாங்கட்டும், விற்பவன்மேல் பழி என்ன?’ என்பார். பார்ப்பவன் கண்ணை மறைக்கவே பூசிவிட்டு, பார்த்து வாங்கு என்பது எவ்வூர் நியாயம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், உண்டவனைக் குறைகூறுவது போன்றது அது. துருவைச் சுரண்டி நீக்கி, நல்லிரும்பின்மேல் பூசும் சாயம் காப்பு. துருவின்மேலேயே பூசும் தார்ச்சாயம் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து அரிப்பை மறைவில் வளர்ப்பது. முன்னது பேணுதல், பின்னது பொய். இரண்டுக்கும் டின் ஒன்றே என்பதால் செயலும் ஒன்றாகிவிடாது.

மூன்றாமவரின் வாதமே வலியது. ‘ஏழைக்கு வேறு வழி ஏது? புதிய வண்டி வாங்க இயலாதவன்தானே பழையதை வாங்குகின்றான்? சோதனை, சட்டம் என்று கிளம்பினால் அடிபடுவது அவனே’ என்று அவர் உருகுவார். இவ்வாதத்தில் உண்மை உண்டு. 2009-ஆம் ஆண்டு, 15 ஆண்டு கடந்த வாகனங்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனை என்னும் திட்டம் மலேசியாவில் அறிவிக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் அச்சம் பொய்யன்று. ஆயின், கைவிட்டதனால் வென்றவர் யார்? ஏழையா? தனியார் கார் ஒன்று கைமாறும்போது நடக்கும் சோதனையைத் தவிர, அதன் அடியை ஆண்டுதோறும் பார்க்க எவருக்கும் கடமையில்லை என்றாயிற்று. வசதியுடையவன் ஐந்தாறு ஆண்டில் வண்டியை மாற்றிவிடுகின்றான். அவ்வண்டி கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் ஒரு பூச்சு ஏறி, கடைசியில் துரு முற்றிய நிலையில் வந்து சேர்வது ஏழையின் வாசலுக்கே. சோதனை இல்லாமையால் காக்கப்படுபவன் விற்பவன், பலியாகுபவன் வாங்குபவன். ஏழையின் பெயரைச் சொல்லி எழுப்பப்படும் இக்கூக்குரல் ஏழைக்கு உதவுவதில்லை.

பிற நாடுகளை நோக்குக. ஜப்பானில் புதிய கார் மூன்று ஆண்டுக்குப் பின்னரும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனைக்கு உள்ளாகின்றது. சிங்கப்பூரில் 10 ஆண்டு கடந்த கார் ஆண்டுதோறும் சோதிக்கப்படவேண்டும். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய ஆண்டுச் சோதனையில், இருக்கைப் பட்டை, சக்கரத் தாங்கிகள் முதலியவை இணையும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வலுவைக் குலைக்கும் துரு இருப்பின் வண்டி தேறாது. மலேசியாவிலும் சோதனை வேண்டும். அதனோடு, தேறாத வண்டியைக் கைவிடும் ஏழைக்கு உதவியும் வேண்டும். அத்தகைய உதவி இயலாததன்று. 2009-ஆம் ஆண்டிலேயே, 10 ஆண்டு கடந்த காரைக் கொடுத்துப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோர்க்கு 5,000 வெள்ளி கழிவு தரப்பட்டது. புதிய கார் வாங்க வல்லவனுக்குத் தந்த கையால், பழைய காரையே நம்பி வாழ்பவனுக்கும் தரலாம். உதவியில்லாத சோதனை கொடுமை. சோதனையில்லாத இரக்கம் ஏமாற்று.

நான்காமவர் படித்தவர், தமிழ் மேடைகளில் தோன்றுபவர். ‘இலக்கியச் சங்கத்தார் நூலில் வண்டித் துருவுக்கும் பேட்டரிக்கும் என்ன வேலை? அது பட்டறைக்காரன் செய்தி’ என்று முகஞ்சுளிப்பார். தமிழ்ச் சமுதாயத்தில் லோரி ஓட்டிப் பிழைப்போர் எத்தனை பேர்! பட்டறையில் கையில் எண்ணெயோடு நிற்போர் எத்தனை பேர்! பழைய வண்டியை வாங்கிப் பணத்தைத் தொலைத்தோர் எத்தனை பேர்! அவர்களின் வாழ்வைப் பேச மறுக்கும் மொழி, மேடையிலே மாலை சூடி நிற்பினும், உள்ளே அரிபட்ட பெட்டிச் சட்டமே. சட்டம், துரு, மின்னோட்டம், பற்றவைப்பு என்று தமிழிற் சொல்ல முடிகின்றது, கணக்கிட முடிகின்றது, காரணம் காட்ட முடிகின்றது. முடிந்ததைச் செய்யாதிருத்தல் மொழிப்பற்று ஆகாது.

செய்யத்தக்கன

பழைய ஃபோர் வீலை வாங்குவோர், பேரம் பேசுமுன் அதனைப் பட்டறையில் தூக்கிப் பார்க்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைதல் கூடாது. துருப்பிடித்த சட்டத்தில் ஊன்றிய ஜாக்கி அச்சட்டத்தையே துளைத்துக்கொண்டு ஏறவும் கூடும். பின் அச்சின் மேல்வளைவு, வில் தாங்கும் இடங்கள், எண்ணெய்த் தொட்டியின் பின்புறம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், உடற்கூடு அமரும் திண்டுகள் ஆகியவற்றைத் தட்டிப் பார்க்கவேண்டும். நீர் வடியும் துளைகளில் கம்பியை விட்டுச் சேற்றைக் கிளறவேண்டும். செதில் செதிலாக உதிர்வது என்ன என்று கவனிக்கவேண்டும். புதிய கறுப்புச் சாயத்தைக் கண்டால் ஐயம் கொள்ளவேண்டும். சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண் தெளிவாக உள்ளதா என்றும் நோக்கவேண்டும். எண்ணைத் துரு தின்றிருப்பின், கைமாற்றுச் சோதனையில் வண்டியின் அடையாளமே கேள்விக்குள்ளாகும்.

மேற்புறத் துருவாயின் அஞ்சவேண்டுவதில்லை. சுரண்டித் தேய்த்து, துருமாற்றி தடவி, சாயம் பூசி, பெட்டியின் உட்புறத்தில் மெழுகெண்ணெய் தெளித்தால் பல்லாண்டு நிற்கும். ஓரிடத்தில் மட்டும் துளைபட்டிருப்பின், நல்லிரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, ஏற்ற தடிப்புள்ள தகட்டை வைத்து, தேர்ந்தவர் கையால் பற்றவைக்கவேண்டும். அதற்குமுன் பேட்டரியைக் கழற்றுதலும் எண்ணெய்த் தொட்டியை அகற்றுதலும் இன்றியமையாதன. துருவின்மேலேயே தகட்டை ஒட்டுதல், கந்தலுக்குக் கந்தலால் ஒட்டுப் போடுவது. அச்சும் வில்லும் சேரும் இடங்கள் பலவும் பொடியாகிவிட்டால் சட்டத்தையே மாற்றவேண்டும். சேசிஸ் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு வண்டியின் விலை இடங்கொடாவிடின் பிரிந்துவிடுதலே அறிவு. விடைபெறவேண்டிய வண்டிக்குச் சாயம் பூசி மணமேடை ஏற்றுதல் கூடாது.

அக்குடும்பத்தலைவர் என் செய்வார்? பற்றவைக்கும் செலவைக் கேட்கின்றார். அது அவர் கைக்கு எட்டுவதன்று. சாயம் பூசி விற்றால் போட்ட பணத்திற் பெரும்பகுதி திரும்பிவிடும். மனைவி பிடித்த கூட்டுப் பணம் அது. நினைக்கும்போதே நெஞ்சு கனக்கின்றது. மறுபுறத்தில், அவ்வண்டியை அடுத்து வாங்கப்போகும் மனிதனும் கண்முன் தோன்றுகின்றான். அவனுக்கும் ஒரு தாயார் இருப்பார். பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் இருப்பர். திருப்புளி இறங்கிய இடத்திற்கு நேர் மேலேதான் அப்பிள்ளைகள் அமரவேண்டியிருக்கும். அவர் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டு, கிடைத்த சிறு தொகையோடு பேருந்தில் வீடு திரும்புகின்றார்.

அவர் தோற்றார் என்று ஊர் கூறும். அவருக்கு முன் அவ்வண்டியை உடைமையாகக் கொண்ட அத்தனை பேரும் பூசிப் பூசிக் கடத்திவந்த பொய், அவர் கையில் வந்து நின்றுபோயிற்று. அந்நேர்மைக்கான விலை முழுவதையும் ஓர் ஏழை லோரி ஓட்டுநர் தனியே செலுத்தவேண்டியிருந்ததே, சமுதாயம் நாணவேண்டிய செய்தி. விற்றவன் உண்மை கூறியிருந்தால் அவர் அவ்வண்டியை வாங்கியிருக்கமாட்டார். சோதனை இருந்திருந்தால் அவ்வண்டி அவரிடம் வந்தே இராது. முதல் பேட்டரி வற்றியபோதே எவரேனும் காரணம் கேட்டிருந்தால், அவருடைய பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் அச்சட்டத்தின்மேல் அமர்ந்து சென்றிருக்கமாட்டார்கள்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்தமுறை மூன்று ஆணிகளை மூன்று குழாய்களில் இடும்போது, நான்காவதாகத் துருப்பிடித்த ஓர் ஆணியையும் எடுத்துக்கொள்ளலாம். அதன்மேல் கறுப்புச் சாயம் பூசி, மாணவர் முன்னிலையில் ஈர மண்ணில் புதைத்துவைக்கலாம். பருவ இறுதியில் தோண்டியெடுத்து, சாயத்தைச் சுரண்டிக் காட்டலாம். உள்ளே துரு நின்றதா, வளர்ந்ததா என்பதை மாணவன் தன் விரலாலேயே தொட்டுப் பார்க்கட்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவன் பழைய வண்டி ஒன்றை வாங்கச் செல்லும்போது குனிந்து பார்ப்பான்; விற்க நேரும்போது சாய டின்னைக் கையில் எடுக்குமுன் சற்றுத் தயங்குவான்.